தூங்குமூஞ்சி விமானம்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். சண்டைக்கு எழுதவில்லை, பயப்படாமல் மேலே படியுங்கள். போனில் கூப்பிட்டால், "இரு, உங்க அக்காகிட்ட குடுக்கிறேன்" என்று கை மாற்றிவிடுகிறீர்கள். ஆபீஸ் கணினியிலிருந்து எழுதினால் நான்கு பேர் படித்த பிறகுதான் வெளியே போகும். மிச்சம் இருப்பது தபால்தான்.

நான் இப்போது சிமுலேட்டர் கூடத்தில் வேலை செய்கிறேன் என்று அக்கா சொல்லியிருப்பாள். உருண்டையான பெரிய அறை, சுவரும் கூரையும் முழுக்கத் திரை. நடுவில் உங்கள் போர் விமானத்தின் மூக்கும் விமானி உட்காரும் கூண்டும் மட்டும் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு பொத்தானை அழுத்தினால் வானம் வருகிறது. கீழே கடல் வருகிறது. அந்தக் கடலில் இருப்பது ஒரே அலைதான், அதுவே திரும்பத் திரும்ப வரும். பயிற்சி விமானிகள் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு வானத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். வெளியே வந்து பார்த்தால் நிஜ வானம் கொஞ்சம் சாயம் போன மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி விமானிகள் சண்டை போட ஒரு எதிரி விமானம் வேண்டும். பழைய எதிரியின் குணம் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது. உயிருள்ள ஒரு விமானியைப் போலப் பறக்கும் எதிரி வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர். படைப்பிரிவுகளிலிருந்து வந்த பறப்புப் பதிவுகளில் யாருடையது சிறந்தது என்று தேடினேன். உங்களுடையதுதான். சொல்ல எனக்கே வாய் கசக்கிறது. கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் பறந்த நாற்பத்தொரு பயிற்சிச் சண்டைகள், கைப்பிடி ஸ்டிக்கை எப்போது இழுத்தீர்கள், எவ்வளவு அழுத்திப் பிடித்தீர்கள், எல்லாமே இப்போது என் எதிரி விமானத்துக்குள் இருக்கின்றன.

முதல் வாரம் உங்கள் மானம் போயிற்று. கடுமையான திருப்பத்தின் நடுவில் எதிரி மூன்று வினாடி அப்படியே நேராகிவிடும். பின்னாலேயே காத்திருந்து சுட்டுவிட்டார்கள். 'தூங்குமூஞ்சி' என்று பெயரும் வைத்தார்கள். பதிவில் ஏதோ கருவிக் கோளாறு என்று அந்த இடங்களையெல்லாம் இழுத்துத் தைத்துச் சரிசெய்தேன். இப்போது ஒருவராலும் அதை வெல்ல முடியவில்லை.

பயிற்சிப் பள்ளியில் நீங்கள் எனக்கு வாத்தியாராக இருந்தபோது என் பதிவேட்டில் எழுதிய வரி ஞாபகம் இருக்கிறதா? "விமானம் ஓட்டத் தகுதியற்றவர்." மனைவியின் தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. இன்று அந்த வாத்தியாரைக் காலையில் ஓடவிட்டு மாலையில் அணைப்பவன் நான். இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 13

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அக்கா நலம். நீச்சல் குளத்தில் இந்த வருடம் அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்தும் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "தோளைத் தளத்துங்க, மூச்ச விடுங்க" என்கிறாள்.

திருப்பத்துக்கு முன்னால் நான் விமானத்தின் மூக்கை ஒரு கையளவு தாழ்த்துவேன். அதைச் சேர்த்தாயா? அது இல்லாவிட்டால் அது நான் இல்லை.

நேராகும் இடங்களை நீ தைத்தது சரி. கருவிக் கோளாறுதான். பழைய கோப்பை அழித்துவிடு.

அந்த வரியைப் பற்றி எழுதியிருந்தாய். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். திருப்பத்தில் உனக்குத் திசை தெரியாமல் போனது. மறைத்துப் பறந்திருந்தால் இன்று என்னைத் திட்டிக் கடிதம் எழுத நீ இருந்திருக்க மாட்டாய்.

கோப்பை அழித்ததும் ஒரு வரி எழுது. அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி அவளைக் குழப்பாதே.

அத்தான்


மார்ச் 22

அன்புள்ள அத்தானுக்கு,

கடைக்கு அனுப்பினாலே ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டீர்கள் நீங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு தடவை 'அழி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னை உறுத்தியது. அழிக்கவில்லை. திறந்து பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

முதல் முப்பது பறப்புகளில் ஒரு கோளாறும் இல்லை. கடைசிப் பதினொன்றில் ஒன்பது பறப்புகள், மொத்தம் பதினேழு இடங்கள். எல்லாமே உடம்பின் எடை ஏழு மடங்குக்கு மேல் போகும் திருப்பங்கள். கருவிக்குக் கோளாறு வந்தால் இப்படி ஆள் பார்த்து, நேரம் பார்த்து வராது. உங்கள் கைப்பிடியின் அழுத்தத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். திருப்பத்தின் நடுவில் மெல்ல மெல்லக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. ஸ்டிக் தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது. விமானம் நேராகிறது. மூன்று வினாடி கழித்து ஒரே வெடுக்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். கனவு முழுக்க அந்தக் கோடு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

அத்தான், திருப்பத்தில் உங்களுக்கு மயக்கம் வருகிறதா?

ஏப்ரல் 20ஆம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. என் எதிரி விமானத்தைச் சோதித்து முத்திரை போட்டுவிட்டுப் போவார்கள். பதிவில் நான் செய்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதினேழு இடத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பதிவைச் சுத்தம் செய்வது என் வேலை. உங்கள் மயக்கத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். இப்போது அதை அப்படியே விட்டால் நான் சொல்வது பொய்.

பதில் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 1

மாப்பிள்ளைக்கு,

உனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. நான்கு வருடமாகக் காத்திருந்தாய். ஒரு வரியில் உன்னைத் தரையில் இறக்கினேன், ஒரு வரியில் என்னை இறக்கப் போகிறாய். செய். உன் பேனா, உன் கை.

இவ்வளவும் நேற்று எழுதியது. கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவன் என்று நீயும் தெரிந்துகொள்.

ஆமாம். வருகிறது. முதலில் நிறம் போகும். வானம் சாம்பலாகும். ஓரங்கள் இருட்டிக்கொண்டு வந்து நடுவில் ஒரு காசளவு வெளிச்சம் நிற்கும். பிறகு அதுவும் இருக்காது. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, உனக்கே பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்கப்புறம் வருவதுதான் புத்தகத்தில் இல்லை.

ஒரு வீட்டில் இருக்கிறேன். நான் குடியிருந்த வீடு எதுவும் இல்லை. மத்தியானம். தரையை இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள், ஈரம் காயவில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. ஜன்னல் திரை உள்பக்கம் உப்பி, அப்புறம் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து அறையில் யாரோ புத்தகத்தின் பக்கங்களைத் திருப்புகிறார்கள். யார் என்று எழுந்து போய்ப் பார்க்க எனக்கு அவசரமே இல்லை. இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று தெரியும். அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன் மாப்பிள்ளை. மூன்று வினாடி என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்தால் எச்சரிக்கை ஒலி அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பயம் இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான். சில நாள் திருப்பத்தைத் தேவைக்கு மேல் இறுக்குகிறேனோ என்று சந்தேகம் வருகிறது.

ஜூலையில் எனக்கு மேஜை வேலை வந்துவிடும். உத்தரவு கிட்டத்தட்ட உறுதி. இன்னும் மூன்று மாதம்தான். தரையில் இறக்கப்பட்டவன் என்ற பெயர் இல்லாமல், நானாக இறங்கிவிடுவேன். உன் எதிரி விமானம் நன்றாகத்தானே பறக்கிறது? அந்தப் பதினேழு இடத்தையும் அப்படியே விடு. நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, உனக்கே தெரியும். உன்னிடம் கேட்கிறேன்.

அக்காவுக்குத் தெரியாது. பிள்ளைகள் தண்ணீருக்குள் மூச்சை எங்கே பிடிக்கிறார்கள் என்று கரையில் நின்றே சொல்லிவிடுகிறவள். அவள் முன்னால் மூச்சு விடவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கிழிக்காமல் அனுப்பினீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கைப்பிடிக் கோடு இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு வினாடிதான். அதற்கப்புறம் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆகவே நீங்கள் கிழிக்க நினைத்த வரிகள் முழுப் பொய் இல்லை.

மூன்று மாதம் என்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை திருப்பம் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். உங்கள் இறக்கைக்குப் பக்கத்தில் பறக்கும் துணை விமானி, பள்ளியில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்தவள், அவளுடைய பதிவும் அதே கோப்பில்தான் இருக்கிறது. முப்பத்தெட்டாவது பறப்பில் நீங்கள் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் விமானம் அவள் பக்கமாகச் சரிந்தது. இரண்டு விமானத்துக்கும் நடுவில் நாற்பது அடி. அவள் விலகியிருக்கிறாள். உங்களிடம் சொல்லவில்லை. பெரியவர் ஏதோ பாடம் நடத்துகிறார் என்று நினைத்திருப்பாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது, அத்தான்.

நான் இப்போதைக்கு யாரிடமும் சொல்லவில்லை. 14ஆம் தேதி உங்களுக்கு விடுமுறை என்று அக்கா சொன்னாள். அன்று இங்கே வாருங்கள். நான் தைத்ததைப் பிரித்துவைக்கிறேன். தூங்குமூஞ்சியோடு ஒரு தடவை சண்டை போட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் மூன்று மாதம்தானே என்று உங்களால் சொல்ல முடிந்தால், சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 18

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வந்துபோய் நான்கு நாளாகிறது. ஒரு வரிகூட வரவில்லை.

அன்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு சண்டை. ஒன்றில்கூட நீங்கள் சுடவில்லை. ஆறாவது முடிந்ததும் இறங்கி வந்தீர்கள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள், "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். தெருமுனை வரை கூட வந்தேன், நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாவது சண்டையைத் தாழ்வான உயரத்தில் வைத்தது நான்தான். தெரிந்தே வைத்தேன். அதில் எதிரி தூங்கினால் எழுந்திருக்க இடம் இருக்காது என்றும் தெரியும். உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், செய்ததற்கு இல்லை.

ஆய்வுக் குழு நாளை மறுநாள் வருகிறது. இன்று மத்தியானம் பதினேழு இடத்திலும் பழைய காரணத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: "இது கருவிக் கோளாறு அன்று. விமானி நினைவிழந்த நேரம். முதலில் தவறாகப் புரிந்துகொண்டவன் நான்." பதினேழு தடவை எழுதினேன். நகல் எடுத்து ஒட்ட மனம் வரவில்லை. எழுதி முடித்தபோது விரல் வலித்தது. கண்ணும் கலங்கியது. இனி நீங்கள் என் முகத்தில் விழிக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பரவாயில்லை. திட்டுவதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 23

மாப்பிள்ளைக்கு,

ரொம்பத் தியாகி ஆகாதே. என்னைத் தரையில் இறக்கியது நீ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. 15ஆம் தேதி காலையிலேயே படைப்பிரிவு டாக்டரிடம் போய்விட்டேன். உன் பதினேழு கையெழுத்துக்கும் முந்தியது என் ஒரு கையெழுத்து. எழுதவில்லையே என்கிறாய். என்னத்தை எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது எழுதுகிறேன். உன் கூண்டில் உட்கார்ந்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. எவ்வளவு இறுக்கித் திருப்பினாலும் உடம்பு கனக்கவே இல்லை. எடையே இல்லாமல் பறப்பது செத்தபிறகு பறக்கிற மாதிரி இருந்தது. உன் கடல் பொய்க் கடல் என்பதை மூன்றாம் நிமிடம் கண்டுபிடித்துவிட்டேன், போய் வேறு அலை போடு.

அப்புறம் அவன் வந்தான். திருப்பத்துக்கு முன்னால் மூக்கை ஒரு கையளவு தாழ்த்தினான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு அழகாகப் பறக்கிறானடா. இது நானா என்று இருந்தது.

திருப்பம் இறுகியது. அவன் இறக்கைகள் மெதுவாக நேராயின. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் தலை சாய்வதைப் போலச் சாய்ந்தான். குறி விழுந்துவிட்டது என்று ஒலி அடித்தது. சுட முடியவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் என் விமானத்தை நிறுத்திக்கொண்டேன். நீ செய்துவைத்த தலைக்கவசத்துக்குள் முகம் இல்லை. கண்ணாடியைத் தட்டி எழுப்ப வேண்டும் போல இருந்தது. உள்ளே அவன் ஈரத்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அவசரமே இல்லை. வெளியே எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து தடவையும் அவனோடு பறந்து, அவன் விழிக்கிற வரைக்கும் காவல் இருந்தேன்.

ஆறாவது தடவை அவன் விழிக்கவில்லை. தண்ணீரில் ஒரு வெள்ளை வட்டம். அவ்வளவுதான். அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டே இருந்தேன், நீ வானத்தை அணைக்கிற வரைக்கும்.

பஸ்ஸுக்குப் போகும்போது உன்னைத் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் கோபம் இல்லை. அழுதுகொண்டிருந்தேன். வாத்தியார் அழுவதை மாணவன் பார்க்கக் கூடாது.

துணை விமானியிடம் நேரில் சொல்லிவிட்டேன். "நாற்பது அடி இல்ல சார், முப்பதுதான் இருக்கும்" என்றாள். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு வேலை செய். அந்தத் தூங்குமூஞ்சியை எதிரியாக வைக்காதே. தூங்குகிறவனைச் சுட யாருக்கும் பயிற்சி தேவையில்லை. பக்கத்தில் பறக்கும் தோழனாக வை. அவன் இறக்கை நேராகும்போதே கண்டுபிடித்து, ரேடியோவில் கூப்பிட்டு எழுப்பப் பழகட்டும்.

அத்தான்


மே 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். தலைக்கனம் ஏறும்.

ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. தூங்குமூஞ்சி இப்போது தோழன். நேற்றுதான் முதல் பயிற்சி. ரேடியோவில் சொல்ல வேண்டியது "விழி, மேலே இழு" என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. உட்கார்ந்த விமானி நல்ல கெட்டிக்காரன். ஆனால் பக்கத்து விமானம் சாய்ந்ததும் புத்தகமெல்லாம் பறந்துபோய், "அண்ணா, எந்திரிங்க அண்ணா" என்று கத்திவிட்டான். கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு சிக்கல். என் விமானத்துக்குக் காது கிடையாது. யார் என்ன கத்தினாலும் மூன்று வினாடி கழித்துத்தான் எழுந்திருக்கும். சரியாகக் கூப்பிட்டால் கொஞ்சம் முன்னாலேயே எழுந்திருக்கும்படி செய்யச் சொல்கிறார் இயக்குநர். சரி என்றால் எது சரி? அந்த வீட்டுக்குள் வெளிச்சத்தம் கேட்குமா? கேட்கும் என்றால் எந்த வார்த்தை? டாக்டர்களைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அங்கே போய்வந்தவராக எனக்குத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான்.

மாப்பிள்ளை


மே 21

மாப்பிள்ளைக்கு,

கேட்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். எனக்குத் தெரிந்தவரை வேறு எந்த வார்த்தையும் உள்ளே வருவதில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் கடைசிச் சோதனை. நீண்ட கையின் நுனியில் ஒரு பெட்டி, அதில் உட்காரவைத்துச் சுற்றுவார்கள். எத்தனை மடங்கு எடையில் மயங்குகிறேன் என்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். நானும் வருவேன் என்று உங்கள் அக்கா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

போய்விட்டேன். அதே வீடு, அதே மத்தியானம். டாக்டர் ஒலிபெருக்கியில் ஏதேதோ சொன்னார், பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உத்தரவு போட்டார். தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. நமக்கில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவள் டாக்டரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருக்கிறாள். பதினொரு வருடமாக 'என்னங்க', 'இந்தாங்க', 'இருக்கீங்களா' என்பதைத் தவிர என்னை அவள் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. என் பெயரைச் சொன்னாள். ஒரு தடவைதான். ஈரத்தரையை விட்டு எழுந்தேன் மாப்பிள்ளை, அந்த வீட்டிலிருந்து நானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்தால் வெளிச்சம். அவள் கூப்பிட்ட பிறகு இரண்டு வினாடிகூட ஆகவில்லை என்று டாக்டர் இரண்டு கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்துவிட்டது. இனி பறக்கக் கூடாது. கையில் வாங்கியபோது காகிதம் ரொம்ப லேசாக இருந்தது. வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன் கூடத்தில் ஆள் தேவையென்றால் எழுது, ஒன்பதிலிருந்து ஐந்து எனக்குச் சம்மதம்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம், "இன்னொரு தடவை சொல்லேன்" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"தினம் கூப்பிட்டா காது பழகிடும். அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க."

அத்தான்